திக்கிப் பேசும் குழந்தை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் மகனுக்கு நான்கு வயது. மூன்று வயதில் கதை கதையாகப் பேசிக்கொண்டிருந்தவன், எட்டு மாதமாகத் திக்குகிறான். ‘த-த-த-தண்ணி’ என்பான். சில சமயம் வாய் திறந்திருக்கும், சத்தமே வராது, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். ஒரு வாரம் சரளமாகப் பேசுவான், மறுபடி ஆரம்பித்துவிடும். இப்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறான். யாராவது ஏதாவது கேட்டால் ‘நீயே சொல்லும்மா’ என்கிறான். ‘தானா சரியாயிடும், ஊதிப் பெரிசு பண்ணாதே’ என்கிறார் மாமியார். என் கணவரும் சிறுவயதில் திக்கியவர்தான். இன்றும் முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் செய்யமாட்டார். பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். தங்கை பிறந்த சமயத்தில் மகனை நிறைய அதட்டினேன். அதனால் வந்ததோ? காத்திருக்கலாமா, யாரிடமாவது காட்டலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரி,

ஸ்பீச் தெரபிஸ்டிடம், அதாவது பேச்சுச் சிகிச்சை தருபவரிடம், காட்டுங்கள். இந்த மாதமே.

நான் மருத்துவர் அல்ல, விஷயத்தைக் கொஞ்சம் படித்தறிந்தவன், அவ்வளவுதான். உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் நூற்றில் ஐந்து குழந்தைகளாவது திக்குகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது போய்விடுகிறது, பலருக்குச் சிகிச்சையே இல்லாமல். யாருக்குப் போகும், யாருக்குத் தங்கும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்லத்தான் ஆளில்லை. தங்கிவிடக்கூடும் என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டு: ஆண் குழந்தை, ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது, நெருங்கிய உறவில் ஒருவருக்குத் திக்கல் போகாமல் தங்கியிருப்பது. மூன்றுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

எனக்கு அதையும்விட உறுத்தியது அந்தத் தண்ணீர்தான். ‘அப்புறம் அப்புறம் நான்...’ என்று முழுச் சொல்லைத் திருப்பிச் சொல்லும் குழந்தை அடுத்து என்ன சொல்வதென்று யோசிக்கிறது. எல்லாக் குழந்தையும் செய்வதுதான். உங்கள் மகனுக்குச் சொல் தெரியும். அது தொண்டையில் நிற்கும் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அதனால் சொல்லையே விட்டுவிட்டான். நாலு வயதில் ஒரு பிள்ளை தனக்குத்தானே கண்டுபிடித்துக்கொண்ட உபாயம் இது. வளர விட்டால், முப்பது வயதில் போனைக் கண்டு விலகுவதும் இதே உபாயம்தான்.

அதட்டியதால் வந்ததா என்றால், இல்லை. பரம்பரைக்கும், மூளையில் பேச்சை இயக்கும் பகுதிகளின் வளர்ச்சிக்கும்தான் இதில் பெரிய பங்கு. வீட்டுப் பரபரப்பைப் பொறுத்துத் திக்கல் கூடலாம், குறையலாம். பெரிசு பண்ணினால் பெரிசாகும் என்ற பயம் மாமியாருக்கு மட்டுமல்ல, ஒரு காலத்தில் நிபுணர்களுக்கே இருந்தது. 1939ல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அதைச் சோதிக்கப் புறப்பட்டவர்கள், திக்காத சில அநாதைக் குழந்தைகளிடம் ‘உனக்குத் திக்குகிறது, சரியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் பேசு’ என்று திருத்திக்கொண்டே இருந்தார்கள். கொடுமை! பல்கலைக்கழகம் 2001ல் மன்னிப்புக் கேட்டது. அந்தக் குழந்தைகளுக்குத் திக்கல் உண்டாகவில்லை என்றே பின்னால் அந்தப் பதிவுகளை அலசியவர்கள் சொன்னார்கள். ஆனால் சில பிள்ளைகள் வாயைத் திறக்கவே கூசிப்போயின. பயப்பட வேண்டியது அந்தத் திருத்தலுக்குத்தான், தெரபிஸ்டுக்கு அல்ல.

ஆகவே வீட்டில் ‘மெதுவாப் பேசு’, ‘மூச்சு விட்டுச் சொல்லு’ எல்லாம் வேண்டாம். மெதுவாகப் பேச வேண்டியது நீங்கள். அவன் முடிக்கும்வரை சாதாரணமாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், எப்படிச் சொன்னான் என்பதை விட்டுவிட்டு என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். கையைக் காட்டினால் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள், ‘சொன்னால்தான் தருவேன்’ என்று பரீட்சை வைக்காதீர்கள். ‘சொல்லக் கஷ்டமா இருந்துச்சா? பரவாயில்லடா, அம்மா இங்கதான் இருக்கேன்’ என்று சொல்வதில் தப்பே இல்லை.

ஸ்பீச் தெரபிஸ்டிடம் போகும் அன்று அவன் சரளமாகப் பேசித் தொலைப்பான், பாருங்கள்! அதனால் திக்கும் நாளிலும் திக்காத நாளிலும் அவன் விளையாடுவதை அவனுக்குத் தெரியாமல் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் பயிற்சியில் பாதி பெற்றோருக்குத்தான். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில், பிள்ளை தடங்கலின்றிப் பேசும்போது எப்போது, எப்படி, எவ்வளவு பாராட்டுவது என்று தாய் தகப்பனுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். யூடியூப் பார்த்து நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். அளவு தப்பினால் அதுவும் திருத்தலாகிவிடும்.

கடைசியாக, உங்கள் கணவர். குடும்பத்தில் யாருக்கு இருந்தது, எந்த வயதில் தொடங்கியது என்று அங்கே கண்டிப்பாகக் கேட்பார்கள். சொல்லத் தெரிந்தவர் அவர்தான். ‘உங்களால்தான்’ என்ற தொனி எட்டிக்கூடப் பார்க்காமல், ‘அந்த வயசுல வீட்ல எப்படி நடந்துக்கிட்டிருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்?’ என்று ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்கள். அப்போதும் எழுந்து போனால் போகட்டும், நீங்கள் மட்டும் முதலில் போய்வாருங்கள். அவர் வருவதற்காக நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.