சாந்தோரினியில் முதல் படகு: வாசகர் பயணக் கேள்விகள்

கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவில் கப்பலிலிருந்து கரை சேர்வதைப் பற்றி இம்முறை நான்கு கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றின் விடை மற்றொன்றுக்கும் உதவும் என்பதால், நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வரும் அக்டோபரில் ஏதென்ஸ் அருகே உள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஒரு வாரக் கப்பல் பயணம் செல்கிறோம். சாந்தோரினிக்குக் காலை 7 மணிக்கு வரும் கப்பல் மாலை 4 மணிக்கே புறப்பட்டுவிடுகிறது. அங்கே கப்பல் கரையில் கட்டப்படாது, கப்பலிலிருந்து பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும் சிறிய 'டெண்டர்' படகில்தான் இறங்க வேண்டும் என்கிறார்கள். கூட்டம் சேருவதற்குள் கரையேறி, ஓயா என்னும் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. வழி என்ன?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் இடத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பில் தீவின் நடுப்பகுதி உள்வாங்கிக் கடலாகிவிட்டது. எஞ்சி நிற்கும் விளிம்புதான் இன்றைய சாந்தோரினி. உங்கள் கப்பல் வந்து நிற்கப்போவது அந்த எரிமலைக் குழியின் மேல்; சில இடங்களில் ஆழம் 400 மீட்டரை நெருங்குகிறது. அதனால் பெரும்பாலான கப்பல்கள் நங்கூரம் போட முடியாமல், எஞ்சினை இயக்கியபடியே ஒரே இடத்தில் மிதந்து நிற்கின்றன. தீவின் தலைநகரான ஃபிரா, கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறையின் உச்சியில் சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் உள்ள சிறிய பழைய துறைமுகத்தில்தான் படகுகள் வந்து சேரும். மற்றப் பல ஊர்களில் கப்பலின் உயிர்காப்புப் படகுகளையே கீழே இறக்கிப் பயணிகளைக் கொண்டுபோவார்கள். இங்கே அந்த வேலையை உள்ளூர்ப் படகோட்டிகளின் சங்கம் தன் சொந்தப் படகுகளைக் கொண்டு செய்கிறது.

ஆகவே உங்களுக்கும் ஃபிராவுக்கும் நடுவே மூன்று வாசல்கள் உள்ளன. கப்பலுக்குக் கிடைக்கும் அனுமதி முதலாவது, படகு இரண்டாவது, பாறை மூன்றாவது. பயணிகளில் பெரும்பாலோர் இரண்டாவதைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள். நேரத்தை உண்மையில் விழுங்குவது மூன்றாவது.

கப்பல் 7 மணிக்கு வருகிறது என்றால் 7 மணிக்குப் படகு கிளம்பும் என்று கொள்ளாதீர்கள். துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, மேடையைப் பொருத்திய பிறகே முதல் பயணி இறங்குவார். அதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடல்வழியில் செல்லும் கப்பல்கள் பல, இடையில் துருக்கியின் குஷாதசியைத் தொட்டுவிட்டுக் கிரேக்கத்துக்குத் திரும்புகின்றன. உங்கள் பயணமும் அப்படி அமைந்திருந்தால், கிரேக்கம் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒரு முறை நுழைவதற்கானதாக இருந்தால் போதாது; பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். துருக்கியிலிருந்து நேராகச் சாந்தோரினிக்கு வந்தால், இறங்குவதற்கு முன் பாஸ்போர்ட் சோதனையும் நடக்கலாம்.

அடுத்தது படகு. பெரும்பாலான கப்பல்களில் வரிசை எண் கொண்ட டெண்டர் டிக்கெட்டை அன்று காலை ஏதேனும் ஒரு கூடத்திலோ அரங்கிலோ கொடுப்பார்கள்; சிலர் அதைக் கப்பலின் செயலி வழியாகவே தருகிறார்கள். கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள், சூட் அறைகளில் தங்குவோர், அதே நிறுவனத்தில் பலமுறை பயணம் செய்தவர்கள் ஆகியோருக்கு வழக்கமாக முன்னுரிமை உண்டு. மற்றவர்களுக்கு எண் வரிசைதான். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நெரிசல் தணிந்ததும், இனி டிக்கெட் வேண்டாம், யாரும் நேராக வந்து ஏறலாம் என்று அறிவித்துவிடுவார்கள்.

முந்தைய நாள் மாலையே வரவேற்பு மேசைக்குச் சென்று, டிக்கெட் எந்த இடத்தில் எத்தனை மணியிலிருந்து கிடைக்கும் என்பதையும், ஒருவரே இருவருக்கும் வாங்கலாமா அல்லது இருவரும் நேரில் நிற்க வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பல கப்பல்களில் சேர்ந்து இறங்கும் அனைவரும் சேர்ந்தே வர வேண்டும் என்பார்கள். ஒருவர் இன்னும் சிற்றுண்டி மேசையில் இருந்தால் மற்றவர் முன்கூட்டி நின்றதில் பயனில்லை. காலை உணவை 6 மணிக்கே முடித்துக்கொண்டு, அல்லது அறைக்கே வரவழைத்துக்கொண்டு, தொப்பி, தண்ணீர், மருந்து, கப்பல் அட்டை எல்லாம் பையில் இருக்கும்படி ஒரேயடியாகப் புறப்பட்டு வாருங்கள். டிக்கெட்டை வாங்கியபின் அறைக்குத் திரும்பிச் சென்றவர்கள், லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் தங்கள் எண்ணைத் தவறவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எண் அழைக்கப்படாமல் இறங்கு வாசலின் படிக்கட்டில் போய் நிற்பதும் வேண்டாம். அது பணியாளர்களுக்கு இடையூறு, உங்களுக்கும் லாபமில்லை.

இனிப் பாறை. அடிவாரத்திலிருந்து ஃபிராவுக்குக் கேபிள் கார் செல்கிறது. பயணம் மூன்று நிமிடம்தான். ஆனால் ஒரு முறைக்கு ஆறு பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பேர், ஆக 36 பேர் மட்டுமே போக முடியும். ஒரு திசையில் மணிக்கு ஏறத்தாழ 600 பேர் என்பது அதன் வரம்பு. உங்கள் கப்பலிலிருந்து மட்டும் 1,800 பேர் கேபிள் காரை நாடினால் கடைசி ஆள் மேலே போய்ச்சேர மூன்று மணி நேரமாகும். அதே காலையில் இன்னொரு கப்பலும் வந்தால் நிலைமையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு நாளில் 8,000 கப்பல் பயணிகளுக்கு மேல் கூடாது என்று 2025 முதல் தீவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அது நல்ல செய்தியே என்றாலும், 8,000 என்பது கேபிள் காருக்கு இன்னும் மிகப் பெரிய எண். படகில் நீங்கள் மிச்சப்படுத்தும் 20 நிமிடம், பாறையடியில் ஒரு மணி நேரமாக வளர்வது இதனால்தான். முதல் இரண்டு மூன்று படகுகளுக்குள் வருவதற்கு இவ்வளவு பாடுபடச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

ஓயாதான் உங்கள் இலக்கு என்பதால் ஒரு மாற்று வழியும் இருக்கிறது. (வரைபடத்தில் ஓயா என்று படிக்கிறோமே தவிர, அவ்வூரார் 'ஈயா' என்கிறார்கள்; பேருந்து நிலையத்தில் அப்படிக் கேட்டால் உடனே வழி காட்டுவார்கள்.) பழைய துறைமுகத்திலேயே, ஓயாவின் அடிவாரத்துக்குப் படகும், அங்கிருந்து மேலே பேருந்தும், பிறகு ஓயாவிலிருந்து ஃபிராவுக்குப் பேருந்துமாகச் சேர்த்து டிக்கெட் விற்கிறார்கள். கேபிள் கார் வரிசை நீண்டிருந்தால் தயங்காமல் இதை எடுங்கள். வரிசை குறைவாக இருந்தால் கேபிள் காரில் ஏறி, நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள பேருந்து நிலையத்துக்குப் போய், சுமார் 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓயாவுக்கு உள்ளூர்ப் பேருந்தைப் பிடிக்கலாம். எந்த வழியில் போனாலும் காலை 9 மணிக்குள் ஓயாவின் தெருவில் நின்றுவிட்டீர்களானால், வெள்ளைச் சுவர்களையும் அவற்றின் கீழே விரியும் நீலக் கடலையும் யாருடைய தோளுக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்காக அதிகாலையில் எழுவது தகும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சேர்ந்தால் முதல் படகில் இடம் கிடைக்கும் என்கிறார்கள். விலையோ இரு மடங்கு போலத் தெரிகிறது. சேரலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: சாந்தோரினியைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் பணத்துக்கு வெறும் முன்வரிசை மட்டுமல்ல, வேறொரு வாசலே கிடைக்கிறது. நிறுவனத்தின் சுற்றுலாப் பயணிகளைப் பெரும்பாலும் பழைய துறைமுகத்தில் இறக்காமல், தீவுகளுக்கிடையே ஓடும் ஃபெர்ரி கப்பல்கள் வந்து போகும் அதினியோஸ் துறைமுகத்தில் இறக்குகிறார்கள். அங்கே சாலை உண்டு. பேருந்து நேராகப் பாறை மேல் ஏறிவிடும். சுற்றுலா முடிவில் ஃபிராவில் விடுவார்கள். இறங்குவதற்கு மட்டும் கேபிள் கார். காலை வரிசையே உங்களுக்கு இல்லை. தவிர, அந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும்; தனியாகச் சென்றவருக்கு அந்த உறுதி கிடையாது.

வேறு டெண்டர் துறைமுகங்களுக்கு இதே பதிலைச் சொல்லமாட்டேன். பிரான்சின் வில்பிரான்ஷ் போன்ற ஊர்களில் படகை விட்டு இறங்கினால் நடந்தே ஊருக்குள் போய்விடலாம். அங்கே முன்னுரிமைக்காக இரு மடங்கு கொடுப்பது வீண்.

கேள்வி: எழுபத்து நான்கு வயதான என் தாயார் முழங்கால் வலியால் கைத்தடியுடன் நடக்கிறார். கூட்டமான இடங்களில் மட்டும் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறோம். அவரால் டெண்டர் படகில் ஏற முடியுமா? மேலே போகக் கழுதைச் சவாரி நல்லதா?
— ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: முடியும், முடியாது என்று இங்கிருந்தே சொல்லிவிட முடியாது என்பதுதான் நேர்மையான விடை. அன்றைய கடலைப் பொறுத்தது அது. கப்பலின் மேடைக்கும் படகின் விளிம்புக்கும் இடையே ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். இருபுறமும் பணியாளர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அலை இருக்கும்போது படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பணியாளர் சொல்லும் கணத்தில் அந்த ஓர் அடியைத் தயக்கமின்றி எடுத்து வைக்க முடிந்தால் போதும். வீட்டில் ஒரு படியைக் கைப்பிடியுடன் அவரால் ஏறி இறங்க முடிகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மடக்கும் சக்கர நாற்காலியைப் பெரும்பாலும் படகில் ஏற்றித் தருவார்கள். மோட்டார் பொருத்திய கனமான வண்டியைப் பல கப்பல்கள் டெண்டரில் அனுமதிப்பதில்லை. அவரைத் தூக்கி ஏற்றுவதற்கும் பணியாளர்களுக்கு அனுமதி இருக்காது. கப்பலில் ஏறிய முதல் நாளே வரவேற்பு மேசையில் தெரிவித்துவிடுங்கள். நெரிசல் இல்லாத படகில் ஏற்றிவிட ஏற்பாடு செய்வார்கள். உங்கள் தாயாரைப் பொறுத்தவரை முதல் படகை விரட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் படகுகளில்தான் தள்ளுமுள்ளும் அவசரமும் அதிகம்.

கழுதைச் சவாரி வேண்டாம். அந்தப் பாதையில் 580க்கும் மேற்பட்ட அகலப் படிகள் உள்ளன. தேய்ந்து வழுவழுப்பான கல், மேலே சாணம், திருப்பங்களில் எதிரே வரும் விலங்குகள். முழங்கால் வலி உள்ளவர் விலங்கின் முதுகில் கால்களை அகட்டி உட்கார்ந்து அந்த ஏற்றத்தைத் தாங்க முடியாது. விலங்குகளின் நிலையும் மனத்தை உறுத்துவது. 100 கிலோவுக்கு மேல், அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்று கிரேக்க அரசு 2018இல் விதி செய்ய வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கேபிள் கார் ஒன்றே உங்களுக்கு ஏற்றது. அதற்கும் காலை 11 மணிக்குப் பிறகு போனால், முன்வந்த கூட்டம் மேலேறிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். இறங்கும் முன் கப்பலில் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

கேள்வி: காற்று பலமாக இருந்தால் படகையே நிறுத்திவிடுவார்களா? திரும்பி வருவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: ஆம், நிறுத்துவார்கள், அந்த முடிவு கப்பல் தலைவருடையது, அதில் விவாதத்துக்கு இடமில்லை. அப்படி நேர்ந்தால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் திரும்பி வரும். வெளியில் தனியாகப் பதிவு செய்ததற்கு அந்த உறுதி இல்லை. ஆகவே கப்பல் வராவிட்டால் பணம் திரும்பத் தரப்படும் என்று எழுத்தில் கொடுப்பவர்களிடம் மட்டும் பதிவு செய்யுங்கள்.

திரும்பும் நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கப்பல் 4 மணிக்குப் புறப்படுகிறது என்றால் கடைசிப் படகு 3.30 மணிக்கே, சில கப்பல்களில் 3 மணிக்கே கிளம்பிவிடும். காலையில் மெல்ல மெல்ல மேலேறிய கூட்டம் முழுவதும் பிற்பகலில் ஒரே நேரத்தில் கீழிறங்கப் பார்க்கும். கேபிள் காரின் வரம்போ அதே 600 பேர்தான். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பாக ஃபிராவில் கேபிள் கார் நிலையத்தை அடைந்துவிடுங்கள். வரிசை குறைவாக இருந்தால் பக்கத்துத் தெருவில் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். நீண்டிருந்தால், கால் வலிமை உள்ளவர்கள் படிவழியே நடந்து அரை மணி நேரத்தில் கீழே வந்துவிடலாம். நானும் அப்படித்தான் இறங்கினேன், நல்ல பிடிப்புள்ள காலணி மட்டும் இல்லையென்றால் துணிந்திருக்கமாட்டேன். கைபேசி காட்டும் நேரமும் கப்பலின் நேரமும் ஒன்றுதானா என்பதைக் காலையில் இறங்கும்போதே, வாசலில் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசிப் படகின் நேரமும் அதே பலகையில் எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.