பிரேக் சுருளுக்கு வேண்டும்போது மட்டும் ஒரு டயோட்

கேள்வி: திருகோணமலை கொட்பேயில் படகு இழுக்கும் வின்ச் ஒன்றைத் திருத்துகிறேன். சுருளில் மின்சாரம் ஓடும்வரை பிரேக் விட்டிருக்கும்; நின்றால் ஸ்பிரிங் அதைப் பிடிக்கவைக்கும். சுருள் 24 வோல்ட், 12 ஓம், 0.6 ஹென்றி. சூடேறாமலிருக்க, பிரேக் விட்டபின் பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் முறை) மூலம் மின்னோட்டத்தைக் குறைக்கிறேன். சுருளுக்குக் குறுக்கே டயோட் (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டம் விடும் பாகம்) இருந்தால் பிரேக் பிந்திப் பிடிக்கிறது, படகு வழுக்குகிறது. கழற்றினால் மொஸ்பெட் (சுருளை இயக்கும் மின்னணு சுவிட்ச்) எரிகிறது. டயோட்டை மின்னணு முறையில் சேர்க்கவும் விலக்கவும் முடியுமா?

பதில்: முடியும். முதலில் பி.டபிள்யூ.எம். உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். துடிப்புகளுக்கு இடையே சுருளில் மின்னோட்டம் தொடர்ந்து ஓடத்தான் வெறும் டயோட் தேவை. வேண்டாமென்றால் டயோட்டோடு வரிசையில் ஒரு டி.வி.எஸ். (குறித்த அளவுக்கு மேல் மின்னழுத்தம் எழாமல் தடுக்கும் பாகம்) போட்டாலே போதும், கூடுதல் சுவிட்ச் எதுவும் தேவையில்லை.

சுருளில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு விரைவாக இறங்கும் என்பதை, அதன் குறுக்கே நீங்கள் எழவிடும் மின்னழுத்தமே முடிவு செய்கிறது. உங்கள் சுருளில் முழு 2 அம்பியர் ஓடும்போது நிறுத்தினால், வெறும் டயோட்டின் 0.7 வோல்ட்டில் அது ஐந்தில் ஒரு பங்காக இறங்க ஏறக்குறைய 75 மில்லிசெக்கன் பிடிக்கும். 150 வோல்ட் வரை எழவிட்டால் 6 மில்லிசெக்கன் போதும். படகு வழுக்குவது இந்த வித்தியாசத்தில்தான்.

சுற்றை இப்படி அமையுங்கள். மொஸ்பெட்டில் டிரெய்னும் சோர்ஸும் மின்னோட்டம் ஓடும் முனைகள், கேட் அதைக் கட்டுப்படுத்தும் முனை. சுருளின் ஒரு முனை +24 தடத்தில், மறு முனை இப்போதுள்ள மொஸ்பெட்டின் டிரெய்னில். அந்த டிரெய்னிலிருந்து ஒரு டயோட், அதன் கதோட்டிலிருந்து (மின்னோட்டம் வெளியேறும் முனை) இரண்டாவது என் சானல் மொஸ்பெட்டின் டிரெய்ன், அதன் சோர்ஸ் நேராக +24 தடத்தில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மொஸ்பெட்டை முதலிலும் டயோட்டை அடுத்தும் வைத்தாலும் மின்னோட்டம் ஓடும். ஆனால் சோர்ஸ் நிலையாக நில்லாது, கேட்டை இயக்குவது தலைவலியாகிவிடும். சோர்ஸ் +24 தடத்தில் இருந்தால், தனிமைப்படுத்திய 12 வோல்ட் சிறு மின்வழங்கி ஒன்றின் எதிர்முனையை அங்கே கட்டி, தனிமைப்படுத்திய கேட் டிரைவர் ஒன்றால் இயக்கலாம். ஒளிமின் வகை ஒப்டோகப்ளரை (ஒளி மூலம் சமிக்ஞை கடத்தும் பாகம்) நம்ப வேண்டாம். அது நுண்ணம்பியர் கணக்கில்தான் கேட்டுக்கு மின்னோட்டம் தரும். மொஸ்பெட் அரைகுறையாகத் திறந்து நிற்கும் நேரத்தில் 150 வோல்ட்டும் 2 அம்பியரும் சேர்ந்தால் 300 வாட்.

டி.வி.எஸ்.ஸை இரண்டாவது மொஸ்பெட்டின் டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் இடையே, கதோட் டிரெய்ன் பக்கமாக வையுங்கள். பலர் அதைச் சுருளுக்குக் குறுக்கே நேராக வைப்பார்கள். ஒருதிசை டி.வி.எஸ். என்றால், பிரதான மொஸ்பெட் கடத்தத் தொடங்கியதும் அது முன்னோக்கிக் கடத்தி 24 வோல்ட்டைக் குறுக்குச்சுற்று ஆக்கிவிடும். நான் சொன்ன இடத்தில் அந்த ஒரே டயோட் அதையும் காக்கிறது. மின்னோட்டம் நின்றபின், இரண்டாவது மொஸ்பெட்டில் தேங்கிய மின்னூட்டத்தால் டயோட்டுக்குப் பின்னோக்கி 24 வோல்ட்டுக்கு மேலும் வரலாம் என்பதால் அதற்கும் 250 வோல்ட் வகையே வேண்டும். பிரதான மொஸ்பெட் 150, 24 சேர்ந்து 174 வோல்ட்டைத் தாங்க வேண்டும். இரண்டு மொஸ்பெட்டுக்கும் 250 வோல்ட் வகையைப் போடுங்கள்.

சுருளில் தேங்கும் ஆற்றல் 1.2 ஜூல். அதில் பெரும்பகுதி டி.வி.எஸ்.ஸில்தான் சூடாகும். தரவுத்தாளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு 1 மில்லிசெக்கன் துடிப்புக்கானது. உங்களுடையது 7 மில்லிசெக்கன் நீளும். துடிப்பு நீளத்துக்கான வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது மொஸ்பெட் கடத்தாத நிலையில் பி.டபிள்யூ.எம். ஓடவே கூடாது, ஓடினால் ஒவ்வொரு துடிப்பும் டி.வி.எஸ்.ஸில் இறங்கி அதைக் கருக்கிவிடும். நிறுத்தும்போது இரண்டு மொஸ்பெட்டும் ஒன்றாகக் கடத்துவதை நிறுத்தும்படி செய்யுங்கள். இரண்டு மொஸ்பெட்டிலும் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோஓம் தடையி அவசியம். கட்டுப்பாட்டுப் பலகை செயலிழந்தாலும் பிரேக் உடனே பிடிப்பது அதனால்தான்.

கொட்பேயின் உப்புக்காற்றில் 150 வோல்ட் தடங்களுக்கு இடையே ஈரம் படியும். பலகையைக் கழுவி உலர்த்தி, காப்புப் பூச்சு அடித்த பிறகே பெட்டியில் பொருத்துங்கள். முதல் சோதனையைப் படகில்லாமல், மணல் மூட்டைகளை இழுத்துச் செய்யுங்கள். கம்பி செல்லும் வழியில் ஒருவரும் நிற்கக் கூடாது.