மினி லிஃப்ட், செயின் பிளாக் வாங்கும் முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

22 வருடமாகக் கட்டட வேலையில் சுமை தூக்கும் மினி லிஃப்ட், வின்ச் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் மெஷின்), செயின் பிளாக் (கையால் செயினை இழுத்துத் தூக்குவது) எல்லாம் பழுது பார்த்து வருகிறேன். ரிப்பேர் செலவு குறைய எதைப் பார்த்து வாங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சேலத்தில் இருந்து ஒரு மேஸ்திரி: அண்ணா, ஒரே வருடத்தில் மூன்று தடவை வயர் ரோப் மாற்றிவிட்டேன். வேறு கம்பெனி ரோப் போட்டால் சரியாகுமா?

ரோப் இருக்கட்டும் தம்பி, முதலில் அது சுற்றும் உருளையை, அதாவது டிரம்மை, அளந்து பாருங்கள். ரோப்பின் விட்டத்தைப் போல 18 மடங்காவது டிரம்மின் விட்டம் இருந்தால் நல்லது. 8 மி.மீ. ரோப்புக்கு 144 மி.மீ. வருகிறது. டிரம் சிறுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ரோப் ஒடுக்கமாக வளைந்து நிமிரும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பீர்களே, அதேதான் உள்ளே இருக்கும் இழைகளுக்கும் நடக்கிறது. எந்தக் கம்பெனி ரோப் போட்டாலும் இதே கதைதான். எல்லோரும் எத்தனை கிலோ தூக்கும் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். கடைக்கு டேப் எடுத்துப்போய் டிரம்மை அளப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது ஓடும் ரோப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மெஷினை நிறுத்தி, லோடை இறக்கிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பழைய பனியன் துணியால் ரோப்பைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுங்கள். அறுந்த இழை துணியில் மாட்டும். ஒரு புரி (பல இழைகளை முறுக்கிய கொத்து) ரோப்பை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவரும் நீளத்துக்குள் 6 இழை அறுந்திருந்தால், அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

மதுரை கான்ட்ராக்டர்: 1 டன் செயின் பிளாக், ஒரு கடையில் சொல்லும் விலையில் பாதிதான் இன்னொரு கடையில். எதை வாங்குவது சார்?

செயின் பிளாக்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 3832 முத்திரை இருக்கிறதா பாருங்கள். சுமையைத் தாங்கும் லோடு செயினின் கண்ணிகளில் 8 அல்லது 80 என்று பொறித்திருக்க வேண்டும். அது செயினின் தரம். கொக்கியில் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், கொக்கி தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும். கைச் செயினை இழுத்தால் உள்ளே 'டிக் டிக்' என்று சீராகக் கேட்க வேண்டும்.

விலையைவிட முக்கியம் ஸ்பேர். பிரேக் தட்டும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். கிடைக்காது என்றால் 20 ரூபாய் ஸ்பிரிங் போனாலும் பிளாக்கையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சைட்டில் செயின் பிளாக் சுலபமாக ஓடட்டும் என்று பிரேக் பக்கம் என்ஜின் ஆயில் ஊற்றிவிட்டார்கள். தொங்கவிட்ட இரும்பு பீம், யாரும் தொடாமலே விரல் விரலாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. பிரேக் தட்டுகள் எண்ணெய் படாமல் உராய்ந்துதான் லோடைப் பிடிக்கின்றன. எண்ணெய் செயினுக்கு மட்டும், அதுவும் லேசாக.

திருச்சி: மோட்டார் அடிக்கடி எரிகிறது. பெரிய மோட்டார் மாட்டலாமா?

வேண்டாம். லோடு ஏற்றும்போது மோட்டார் பக்கத்தில் வோல்ட்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். 415 வோல்ட் மோட்டாருக்கு 360தான் வந்தால், அதன் இழுவிசை முக்கால்வாசியாகிவிடும், கரண்ட் ஏறும், காயில் கருகும். பெரும்பாலும் நீளமான, மெல்லிய கேபிள்தான் காரணம். கனமான கேபிள் போடுங்கள். பெயர்ப்பலகையில் எஸ்3 40% என்று இருந்தால் 10 நிமிடத்தில் 4 நிமிடம் ஓட்டலாம் என்று பொருள். கான்கிரீட் நாளில் அது போதுமா என்று யோசித்து வாங்குங்கள்.

கோவை: 200 கிலோ மெஷினில் 3 கன அடி பக்கெட் மாட்டலாமா?

மாட்டாதீர்கள். 3 கன அடி கான்கிரீட்டே 200 கிலோ தாண்டும், பக்கெட்டின் எடை வேறு. இப்படி ஓடும் மெஷினில் பிரேக் லைனரும் பேரிங்கும் மாறி மாறிப் போகும்.

தஞ்சாவூர்: பழைய வின்ச் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கொக்கியின் வாய் முதலில் இருந்ததைவிட 10% விரிந்திருந்தால், அல்லது கொக்கியில் எங்காவது வெல்டிங் தெரிந்தால், வேண்டவே வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

ஒரு சகோதரி: என் கணவர் லிஃப்ட் ஓட்டுகிறார். புது இடத்துக்கு மாற்றியதில் இருந்து ஏறும் பட்டனை அழுத்தினால் இறங்குகிறதாம். பட்டனை மாற்றி அழுத்தினால் போதும் என்கிறார் முதலாளி. பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது அம்மா. மின் இணைப்பின் மூன்று பேஸ் வயர்களில் இரண்டு இடம் மாறிவிட்டன. கொக்கி உச்சிக்குப் போனதும் மெஷினை நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச், இந்த நிலையில் நிறுத்தாது. கொக்கி மேலே போய் முட்டி, ரோப் அறுந்துவிடலாம். எலக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றிப் போட சில நிமிடம் போதும். அப்புறம் வெறும் கொக்கியைப் பாதி உயரத்தில் ஏற்றும்போது, ஒருவர் கம்பால் லிமிட் லீவரைத் தள்ளிப் பார்க்கட்டும். உடனே நிற்க வேண்டும். அதுவரை அவர் லோடு ஏற்றவே வேண்டாம், கீழே யாரும் நிற்கவும் வேண்டாம்.