எல்லா வேலையையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாமா?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "புக்கிட் மெர்தாஜாமில் அப்பா இருந்த வீடு ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பின்னால் இடுப்பளவுக்குப் புல். மாமரக் கிளை கரண்டுக் கம்பியில் உரசுகிறது, அதே மரத்தில் குளவிக் கூடு. கொட்டகையின் பழைய அஸ்பெஸ்டாஸ் கூரை விரிசல் விட்டிருக்கிறது. உள்ளே பெயிண்ட் டின், பூச்சிமருந்து போத்தல்கள். ஒரு லோரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, 'எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி, ஒரே நாளில் முடித்துவிடலாம்' என்கிறார். கொடுக்கலாமா?"

புல்லையும் தட்டுமுட்டுச் சாமானையும் அவரிடம் தாராளமாகக் கொடுங்கள். குளவி, கம்பி, கூரை, மருந்து இந்த நான்கையும் கொடுக்காதீர்கள். வீடு பராமரிப்புக் குத்தகையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். 'எல்லாம் சேர்த்து' என்று பேசப்படும் விலையில் ஆபத்தான வேலைக்கான செலவு பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அந்த வேலையை அவசரத்தில் செய்து முடிப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வேலைக்கு நீங்கள் காசே கொடுக்க வேண்டாம். குளவிக் கூட்டுக்குப் பொது தற்காப்புப் படையை அழையுங்கள். குளவிகள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பெரும்பாலும் இரவில் வந்து அழிப்பார்கள். இது முடியாமல் புல் வெட்டும் மெஷினை அந்தப் பக்கமே கொண்டுபோக விடாதீர்கள். மெஷினின் சத்தமும் அதிர்வும் போதும், கூடு கலைந்து ஆளைத் துரத்தும். கம்பியில் உரசும் கிளைக்குத் மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணில் புகார் செய்யுங்கள். ஈர மரக்கிளை வழியாகக் கரண்டு பாயும். அரிவாளோடு ஏணியில் நிற்பவருக்கு அது தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

மரத்தையே வெட்டுவதாக இருந்தால் முதலில் ஓர் அளவு எடுங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தையல் டேப்பால் அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். உங்களுக்கு அது செபராங் பிறை மாநகர் மன்றம். சொந்த நிலத்து மரம்தானே என்று பலர் வெட்டிவிட்டுப் பிறகு விழிக்கிறார்கள்.

இனி கூரை. என் கவலை அதிகம் இதில்தான். சில வருடங்களுக்கு முன் சுங்கை டுவாவில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் பழைய கார் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞன் சுத்தியலால் தகடுகளை உடைத்துத் தள்ள, கீழே நின்றவர் துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். அவர் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளை மாவு பூத்திருந்தது. வாயில் கட்டியிருந்தது ஒரு பழைய துண்டு. பின்னால் கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளிலும் அதே மாவு. சத்தம் போட்டு நிறுத்தச் சொன்னேன். "ஒன்னும் ஆகாதுண்ணே, இத்தனை வருசமா இதத்தான் செய்யுறோம்" என்றார் கீழே நின்றவர்.

அங்கேதான் ஆபத்து. அந்தத் தூளில் இருக்கும் நார் நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளியே தெரிய 20, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். உடையாமல் இருக்கும் தகடு அவ்வளவு கெடுதல் செய்யாது. உடைப்பது, அறுப்பது, கூட்டுவது இவைதான் நாரைக் காற்றில் கலக்கின்றன. ஆகவே கூரை வேலைக்கு வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கூரையை எப்படிக் கழற்றுவீங்க?" தண்ணீர் தெளித்து நனைப்போம், ஸ்குரூவைக் கழற்றி முழுத் தகடாகக் கையில் இறக்குவோம், கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டுவோம், சிதறிய துண்டை ஈரத் துணியால் எடுப்போம் என்று சொன்னால் பேச்சைத் தொடருங்கள். "உடைச்சு லோரியில போட்டுருவோம்" என்றால் அனுப்பிவிடுங்கள். தகட்டின் மேல் யாரும் ஏறி நிற்கவும் கூடாது. பழைய தகடு காலடியில் முறியும். அஸ்பெஸ்டாஸ் தூளும் நாரும் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது தனியாகக் கையாள வேண்டிய அபாயக் கழிவு, சாதாரணக் குப்பையோடு போகக் கூடாது.

மருந்து போத்தல்களில் பாராகுவாட் களைக்கொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் அதற்குத் தடை. ஒரு மடக்கு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து, மாற்று மருந்தும் கிடையாது. மூடியைத் திறக்காதீர்கள், கால்வாயில் ஊற்றாதீர்கள், வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள். நிமிர்த்தி ஒரு வாளியில் வைத்துப் பூட்டிவிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று சுற்றுச்சூழல் துறையின் மாநில அலுவலகத்தில் கேளுங்கள். கரையான், எலிக்கு ஆள் பிடித்தால், பூச்சிக்கொல்லி வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துப் பிடியுங்கள்.

யாருக்காகவும் காத்திருக்காமல் இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு போய், கைக்கு எட்டும் வாளி, டயர், பூச்சட்டித் தட்டுகளைக் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியபடி காய்ந்தே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. சோதனையில் கொசுப்புழு அகப்பட்டால், பூட்டிய வீடாக இருந்தாலும் 500 வெள்ளி வரை அபராதம் வரலாம்.

லோரிக்காரரிடம் பேரம் பேசும்போது எஸ்.எஸ்.எம். நிறுவனப் பதிவையும், ஆட்களுக்குப் பெர்கேசோ தொழிலாளர் காப்புறுதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். என்னென்ன எடுப்பார் என்பது வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். புல்லைக் குவித்து எரிக்கச் சம்மதிக்காதீர்கள். 2022 ஜூனில் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்தபோது வந்த புகை தீவில் இருக்கும் உங்களுக்கு நினைவிருக்கும். முன்பணம் கொஞ்சமாகக் கொடுத்து, பாக்கியை அனுமதி உள்ள இடத்தில் கொட்டிய ரசீதைப் பார்த்த பிறகு கொடுங்கள். ரசீது இல்லாத குப்பை ஆற்றோரத்திலோ ரப்பர் தோட்டத்திலோ போய்ச் சேரும். கொட்டகையில் அப்பாவின் பழைய பில், கடிதங்கள் இருந்தால் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். அவை கொட்டப்பட்ட குப்பையில் கிடந்தால், மன்றத்து ஆட்கள் அந்த முகவரியைத் தேடித்தான் வருவார்கள்.