உளமருத்துவத் தாதியம்: எந்தப் படியில் கால் வைப்பது?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எழுதிவிட்டு முடிவைப் பார்த்திருக்கிறாள். 'அட்வான்ஸ்ட் சைக்கியாட்ரிக் நர்ஸ்' ஆக வேணும் என்று ஒரே பிடி. தனியார் நிலையம் ஒன்றில் உளவியல் டிப்ளோமா செய்தால் போதும் என்கிறார்கள். சொந்தக்காரர்களோ மனநோய்க்கு வைத்தியம் பார்த்த ஊரின் பெயரைச் சொல்லி "மந்திகை வேலையா?" என்று சிரிக்கிறார்கள். என்ன செய்வது? (ஒரு தாய், கோண்டாவில்)

இலங்கையில் அதற்கு நேர் வாசல் கிடையாது, அம்மா. மகள் முதலில் பொதுத் தாதியாகப் பயின்று தாதியர் பேரவையில் பதிய வேண்டும். உளமருத்துவம் அதற்கு மேல் எழுப்பும் மாடி. உளவியல் டிப்ளோமா அந்தப் பதிவைத் தராது. அதை வைத்துக்கொண்டு எந்த வைத்தியசாலை விடுதியிலும் ஊசி போட விடமாட்டார்கள். காசு கட்டுமுன் அந்த நிலையத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதை முடித்தால் தாதியர் பேரவையில் பதியலாமா, எழுத்தில் தருவீர்களா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

பதிவுக்குப் போக இரண்டு பாதை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நான்கு வருடத் தாதியப் பட்டம் இருக்கிறது. இசட் புள்ளிதான் தீர்மானிக்கும். விண்ணப்பத்தில் கனபேர் விடுகிற பிழை விருப்ப வரிசையில். தாதியம்தான் வேணுமென்றால் வெட்டுப்புள்ளி குறைந்த வேறு பாடநெறியை அதற்கு மேலே எழுத வேண்டாம். மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைப் பார்க்கமாட்டார்கள்.

மற்றது சுகாதார அமைச்சின் மூன்று வருட டிப்ளோமா. வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், பயிற்சிக்காலத்தில் மாதப்படி உண்டு. பட்டம் தவறிப்போகும் என்று பயப்படத் தேவையில்லை. பதிவுபெற்ற தாதியருக்குத் திறந்த பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு நடத்துகிறது, அதன் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. ஆனால் வர்த்தமானியில் வயதெல்லையையும் ஒப்பந்த விதியையும் வரிக்கு வரி படியுங்கள். முதல் நியமனம் தெற்கிலும் விழலாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தில் பழகும் வாய்ப்பு வந்தால் சிங்களம் இல்லாமல் நோயாளியோடு பேச முடியாது. இப்போதே தொடங்கட்டும்.

இனி அந்த 'அட்வான்ஸ்ட்'. இந்தச் சொல்லுக்கு நாட்டுக்கு நாடு வேறு பொருள். அமெரிக்காவில் அது உளநல 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற மேல்நிலைத் தாதி: என்கிளெக்ஸ் என்ற உரிமப் பரீட்சை, தாதி உரிமம், அதற்குப் பிறகு முதுமாணி, நூற்றுக்கணக்கான மணிநேர மேற்பார்வைப் பயிற்சி, சான்றிதழ்ப் பரீட்சை. அங்கே அவர்கள் மருந்தும் எழுதுகிறார்கள். எவ்வளவு சுதந்திரமாக என்பது மாநிலத்தைப் பொறுத்தது. இங்கே தாதி மருந்து எழுதுவதில்லை. இங்கிலாந்தில் உளநலம் தாதியத்தின் நான்கு பிரிவுகளில் ஒன்று, பள்ளி முடித்த பிள்ளை அதையே மூன்று வருடப் பட்டமாகப் படிக்கலாம். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் வீட்டை ஈடு வைக்கச் சொல்லும். அவுஸ்திரேலியாவில் உளநலத்துக்கென்று தனிப் பதிவேடு இல்லை. பதிவுபெற்ற தாதி பட்டப்பின் டிப்ளோமாவோடு அந்தத் துறைக்குள் போகிறார். ஆகவே நாட்டைத் தெரிவு செய்த பிறகே பணத்தைத் தொடுங்கள்.

வேலை எப்படியிருக்கும்? சினிமாவில் காட்டுகிற கட்டிவைப்பும் கூச்சலும் அல்ல. கணக்கும் கவனமும்தான் கூட. மனநிலை ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்த லிதியம் என்ற மருந்தை எடுக்கும் ஒருவரைப் பாருங்கள். இரத்தத்தில் அது பெரும்பாலும் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. இரவு ஒன்பது மணிக்குக் குளிசை கொடுத்தால் காலை ஒன்பது மணிக்கு, அடுத்த குளிசைக்கு முன், இரத்தம் எடுக்க வேண்டும். யாரோ நல்ல மனதோடு காலைக் குளிசையை முதலில் கொடுத்துவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். சித்திரை வெயிலில் தோட்டம் கொத்தி வியர்த்தவர், முழங்கால் நோவுக்குக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டவர், வயிற்றோட்டம் வந்தவர்: இவர்களுக்கு லிதியம் உடம்பில் தேங்கும். கை கரகரவென்று நடுங்கி, நடை தள்ளாடி, சத்தியும் வந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து உடனே வைத்தியருக்குச் சொல்ல வேண்டியது தாதி.

கடும் மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபீன் இன்னொன்று. அது வெண்குருதி அணுக்களைக் குறைத்துவிடலாம், அதனால் முதல் 18 வாரமும் வாராவாரம் அவற்றின் கணக்கு. லீவில் வீடு போனவர் 48 மணிநேரத்துக்கு மேல் குளிசையை விட்டிருந்தால் பழைய அளவிலேயே தொடர்ந்து கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். இல்லையேல் இரத்த அழுத்தம் விழுந்து ஆளும் விழுவார். இந்த மருந்து கடும் மலச்சிக்கலையும் தரலாம், ஆகவே 'மலம் போனதா?' என்று தினமும் கேட்பதும் இதில் அடக்கம். வெட்கப்படும் பிள்ளைக்கு இது கடினம்.

இதெல்லாம் மகளுக்குப் பிடிக்குமா என்று எப்படி அறிவது? பயிற்சியின் உளமருத்துவச் சுற்றில் தெரியும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ் போதனாவிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அந்தச் சுற்றை 'இலகுவான மாதம்' என்று நினைத்து ஒப்பேற்றுவது கனபேர் செய்கிற தவறு, பின்னால் அது காசாகவே செலவாகும். அமெரிக்க விண்ணப்பத்தில் உளமருத்துவத் தாதியத்துக்கு எத்தனை மணிநேரம் வகுப்பு, எத்தனை மணிநேரம் விடுதி என்று தனித்தனியே கேட்பார்கள். பெறுபேற்றுத் தாளில் மொத்தமாக ஒரே எண்ணாக இருந்தால் கோப்பு மாதக்கணக்கில் தூங்கும். பயிற்சிக் கையேட்டையும் பாடத்திட்டப் பிரதியையும் கடைசிநாள் கையொப்பத்தோடு எடுத்து வைக்கட்டும்.

ஆங்கிலப் பரீட்சைக்கு இரண்டாம் வருடத்திலேயே ஓட வேண்டாம். இங்கிலாந்துத் தாதியர் பேரவை கேட்பது ஐ.ஈ.எல்.ரீ.எஸ்ஸில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஒவ்வொன்றுக்கும் 7, எழுத்துக்கு 6.5. பெறுபேறு இரண்டு வருடத்தில் காலாவதியாகும். முந்தி எழுதினால் பணம் வீண்.

இந்த மாதமே செய்யக்கூடியது பெயரைச் சரிபார்ப்பது. உயர்தரச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் முழுப் பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து வேறு: நம் வீடுகளில் இது சாதாரணம். வெளிநாட்டுப் பேரவைக்கு இவர்கள் மூன்று பேர். கடவுச்சீட்டு எடுக்குமுன் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள். பிழையிருந்தால் முதலில் பிறப்புப் பதிவைத் திருத்தக் கொடுங்கள்.