கை நகரட்டும், மனசு கூடவே வரும்: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம். கால் ஓரளவு தேறிவிட்டது. ஆனாலும் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். "பயிற்சி செய்யுங்க மாமா" என்றால் எரிந்து விழுகிறார்.
– வாசகி, பாலக்கோடு

பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது. மூளையில் பட்ட அடியாலும் வரும். ஏர் பிடித்த கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லையே என்ற ஏக்கத்தாலும் வரும். சோர்ந்தவர் கையை அசைக்க மாட்டார். அசைக்காத கை இறுகும். இறுகிய கையைப் பார்த்து இன்னும் சோர்வார்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பெரியவர், ஆயுசுக்கும் மாந்தோப்பில் கிடந்தவர். நான் கொடுத்த ரப்பர் பந்தை, "இதென்ன சின்னப் புள்ள ஆட்டம்" என்று தள்ளிவிட்டார். அடுத்த தடவை ஒரு பெங்களூரா மாங்காயை அவருடைய விழுந்த கையில் வைத்தேன். விரல் மூடவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டுக்கொண்டு, மூக்கருகே கொண்டுபோய்க் காம்பை முகர்ந்தார். "இன்னும் பத்து நாள் மரத்துல இருக்க வேண்டிய காய். எவன் பறிச்சான்?" என்று ஒரு திட்டு. மாசக்கணக்கில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்றார் மகள். அன்றைக்கு அந்தக் காய் இருபது தடவை கை மாறியது.

உங்கள் மாமனாருக்கு அது கடலை உரிப்பதாக இருக்கலாம், புளியங்கொட்டை பொறுக்குவதாக இருக்கலாம். 'பயிற்சி' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதென்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சோர்வைப் பற்றி டாக்டரிடமும் சொல்லுங்கள், மருந்து தேவைப்படலாம்.

படி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடுவேனோ என்று பயம். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். நடப்பதையே விட்டுவிட்டேன்.
– ஷிப்ட் தொழிலாளி, ஓசூர்

விட்டதுதான் வினை. நடந்தாலும் இதயம் வேகமாக அடிக்கும், பயந்தாலும் அப்படித்தான் அடிக்கும். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறீர்கள். டாக்டர் சரி என்று சொல்லியிருப்பதால், ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. பிறகு நின்று, படபடப்பு தானாக அடங்குவதைக் கவனியுங்கள். இதைத் தினமும் பார்க்கப் பார்க்கப் பயம் விட்டுப்போகும். நிமிடத்துக்கொரு தரம் ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்க்காதீர்கள்! நைட் ஷிப்ட் முடிந்த காலையில் நடை வேண்டாம், முதலில் தூக்கம். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மயக்கம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

விடிந்தால் களை, மதியம் மாடு, ராத்திரி அடுப்பு. எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி? முதுகுவலியும் வெறுப்பும்தான் மிச்சம்.
– வாசகி, பென்னாகரம்

நியாயமான கேள்வி. விரும்பிச் செய்யும் நடை மனசுக்குத் தரும் தெம்பைக் கூலி வேலை அப்படியே தருவதில்லை. உங்களுக்கு இன்னும் உழைப்பைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன். களை எடுக்கும்போது அரை மணிக்கொரு தரம் எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளையுங்கள், ஐந்து தடவை. சாயங்காலம் கால் மணி நேரம் தோழிகளோடு சும்மா நடங்கள். தலையில் குடம், புல்லுக்கட்டு எதுவும் இல்லாமல். வீட்டில் கேட்டால் பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தது என்று சொல்லுங்கள். கழுத்தும் முதுகும் கட்டைபோல இறுகியிருந்தால் போர்த் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகமா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது கூடினாலும் எலும்பும் மூட்டும் இறுகும். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர்தான்.

நடக்க ஆரம்பித்த பிறகு மனசு தேவலை. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

நீங்களாக நிறுத்தாதீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 156 பேரில் உடற்பயிற்சி செய்தவர்களும் மாத்திரை எடுத்தவர்களும் 16 வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். ஆனால் அது வாரம் மூன்று நாள், பக்கத்தில் ஆள் நின்று செய்ய வைத்த பயிற்சி. திடீரென்று மாத்திரையை விட்டால் தலைசுற்றல், எரிச்சல், பழைய சோர்வு எல்லாம் திரும்பலாம். எழுதிக் கொடுத்த டாக்டர்தான் குறைக்க வேண்டும். ராத்திரியில் மனசு ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

காலை நடை நல்லதா, மாலையா?
– வாசகர், கிருஷ்ணகிரி

எது விடாமல் நடக்குமோ அது. ஏப்ரல் மாசத்துப் பத்து மணி வெயிலில் மட்டும் வேண்டாம்.