டேனியர் காலத் தரங்கம்பாடி: வணிகம், குடியிருப்பு, வைத்தியம் – கேள்வி பதில்

1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்படுகின்றன. வைத்தியம் பற்றிய கேள்விகளே மிகுதியாக வந்ததால் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: மிளகு வாங்க வந்தவர்கள் என்று படித்தேன். மிளகு விளையாத தஞ்சைக் கடற்கரையை டேனியர் ஏன் தேர்ந்தெடுத்தார்கள், ஐயா?

அவர்கள் முதலில் குறிவைத்தது இலங்கையை. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியன் 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமை வழங்க, ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. இலங்கையில் காரியம் கைகூடவில்லை. முன்னதாக அனுப்பப்பட்ட கப்பல் ஒன்றைப் போர்ச்சுக்கீசியர் காரைக்கால் அருகே தாக்கி அழிக்க, அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியரின் கை ஓங்கியிருந்த நிலையில், அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வணிகக் கூட்டம் வருவது நாயக்கருக்கும் அனுகூலமாகவே இருந்தது. 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

மிளகு ஏற்றுமதிக்கு உரிமை கிடைத்தபோதிலும், இந்தத் துறைமுகத்தை நிலைநிறுத்தியது சோழமண்டலக் கரையின் துணிதான். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துப் பெற்ற துணியை இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மக்காசார் வரை கொண்டுபோய்க் கிராம்புக்கு மாற்றினார்கள். 1639க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. ஆனாலும் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்ற தளபதி, மிகச் சிலரை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்ததோடு ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். தாயகத்தின் உதவி அறவே நின்றுபோன அந்த ஆண்டுகளிலும் ஊர் பிழைத்ததற்கு, உள்ளூர் வணிகர்களும் ஆசியக் கடல்வழி வியாபாரமுமே காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: அங்கே என்ன நாணயம் புழங்கியது?

தொடக்கத்தில் ஈயக் காசுகளையே அச்சிட்டார்கள். பின்னர்ச் செப்புக் காசும் வெள்ளிப் பணமும் வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டுக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம். 8 பணம் ஒரு ரூபாய். வெள்ளிப் பணத்தை டேனியர் ரோயலின் என்று அழைத்தார்கள்.

கேள்வி: மதிலுக்குள் ஐரோப்பியர் மட்டுமே குடியிருந்தார்களா?

இல்லை. டேனியர் வருவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்தில் இருந்தது. ராஜா தெருவில் கம்பெனி அதிகாரிகளின் வீடுகள் இருந்தன என்றால், பிற தெருக்களில் செட்டி வணிகர்களும் தமிழ் முஸ்லிம்களும் போர்ச்சுக்கீசிய வழித்தோன்றல்களும் வாழ்ந்தார்கள். கடற்கரையில் மீனவர்கள் இருந்தார்கள். சற்றுத் தள்ளியிருந்த பொறையாறும் இந்தக் குடியிருப்போடு பிணைந்தே வளர்ந்தது.

இவர்களோடு அடிமைகளும் இருந்தார்கள் என்பதை மறைத்து இந்த ஊரின் வரலாற்றை எழுதக் கூடாது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்திறங்கினார். மறு ஆண்டு மே மாதம் சீயோன் ஆலயத்தில் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகளே. மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியதும் அந்தக் காலத்து வணிகத்தின் ஒரு பகுதி. துணிக்கும் மிளகுக்கும் கணக்குப் பார்க்கும் நாம் இதையும் அதே ஏட்டில் எழுதியாக வேண்டும்.

கேள்வி: நோய் வந்தால் ஐரோப்பியர் நம் வைத்தியர்களை நாடினார்களா, அல்லது தங்கள் மருந்தையே நம்பினார்களா?

இரண்டும் நடந்தது. ஜெர்மனியின் ஹாலே நகர அனாதை இல்லத்து மருந்தகத்திலிருந்து மிஷனரிகளுக்கு மருந்துப் பெட்டிகள் கப்பலில் வந்தன. ஆனால் கப்பல் எப்போதாவதுதான் வரும். பேதியும் காய்ச்சலும் கப்பலுக்காகக் காத்திருப்பதில்லை. மிஷனின் முதல் மருத்துவராக 1730இல் வந்தவர் அந்த ஆண்டே நோயுற்று இறந்துபோனார். 1732இல் வந்த சாமுவேல் பெஞ்சமின் க்னோல் மட்டும் நெடுங்காலம் பணியாற்றினார்.

நம் வைத்தியத்தைப் படித்தறியும் முயற்சி இவர்களுக்கும் முன்பே தொடங்கிவிட்டது. சீகன்பால்கு 1708இல் தாம் திரட்டிய 119 தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் மருத்துவச் சுவடிகளும் உண்டு. அவருடைய தோழர் கிரண்ட்லர், 1711இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கையேடே எழுதினார். அதன்பின், 1712 முதல் உள்ளூர்த் தமிழர்களுக்குக் கடிதம் மூலம் கேள்விகள் அனுப்பிப் பதில் பெற்றார்கள். அந்தப் பதில்கள் ஹாலேயில் மொழிபெயர்ப்பாக அச்சாகி, தமிழரின் சொல்லை ஐரோப்பிய வாசகர்களிடம் கொண்டு சேர்த்தன.

இரு தரப்பாரும் ஒருவர் பேச்சை ஒருவர் விளங்கிக்கொள்வது அன்று அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கும் சமநிலை தவறுவதே நோய் என்று ஐரோப்பிய மருத்துவர் நம்பினார். வாதம், பித்தம், சிலேத்துமம் என்ற மூன்றும் மிகுவதும் குறைவதுமே நோய் என்று நம் வைத்தியர் சொன்னார். நாடி பார்ப்பதும் பத்தியம் சொல்வதும் இருவருக்கும் பழக்கமானவையே. அவர் தயங்காமல் இரத்தத்தைக் கீறி வெளியேற்றினார். இவர் சுக்கு, மிளகு, திப்பிலி என்று கஷாயத்தில் தொடங்குவார். உடல் தளர்ந்த காய்ச்சல்காரருக்கு இரத்தத்தை எடுப்பது கேடு என்று இன்று தெரியும் நிலையில், எது குறைந்த தீங்கு செய்தது என்று கேட்டால், கஷாயம்தான் என்பேன்.

கேள்வி: பாம்புக்கடிக்குத் ‘தஞ்சாவூர் மாத்திரை’ என்று ஒன்று இருந்ததாமே? வீட்டில் செய்ய முடியுமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். இருந்தது உண்மை, தஞ்சைப் பகுதியில் புகழ்பெற்றிருந்த அந்த மாத்திரையின் செய்முறை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்த ஆங்கிலேயக் கம்பெனி அரசு வரை போயிற்று. அதில் வெள்ளைப் பாஷாணம், நாபி, நேர்வாளம், மிளகு, பாதரசம் ஆகியவை சேர்ந்தன. பாதரசத்தை எருக்கிலிருந்து எடுத்த சாற்றில் அரைத்தார்கள். வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்செனிக். நாபியும் நேர்வாளமும் நச்சுத் தாவரங்கள். பேட்ரிக் ரஸ்ஸல் என்ற கம்பெனி மருத்துவர் நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டுச் சோதித்தபோது, அது நம்பத்தக்க மருந்தாக அமையவில்லை.

மக்கள் நம்பியதற்கும் காரணம் உண்டு. கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை. நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். அப்படிக் கடிபட்டவர் எதை விழுங்கினாலும் பிழைப்பார். பெயர் மாத்திரைக்குப் போகும். இன்று பாம்பு கடித்தால் கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கட்டோ கீறலோ போடாமல், நஞ்சுமுறி ஊசி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் தரங்கம்பாடிக்காரர் ஒருவர் இருக்கிறாராமே?

ஆம். அதன் பெயரில் வரும் ‘கோனிகி’ என்பது யோகான் கெர்ஹார்ட் கோனிக்கைக் குறிக்கும். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவரான அவர் 1768இல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்தார். இங்கிருந்து செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் ஆங்கிலேயக் கம்பெனியிடமும் பணிபுரிந்து 1785இல் இறந்தார். அவர் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தச் செடி எதற்கு உதவும் என்று காட்டிக்கொடுத்த வைத்தியர்களின் பெயர்கள் பதிவாகாமற்போனது எனக்கு ஆறாத வருத்தம்.

கேள்வி: நிக்கோபாரில் டேனியர் குடியேற்றம் ஏன் தோற்றது?

காய்ச்சலால். தரங்கம்பாடியிலிருந்து 1750களில் சென்ற முதல் குடியேற்றம் சில ஆண்டுகளிலேயே கலைந்தது. பொறையாறு சாலையில் தோட்டம் வைத்திருந்த மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறித்தவச் சபையார் 1768இல் நான்கௌரியில் முயன்று, பலரைப் பறிகொடுத்து 1787இல் திரும்பினார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் காட்டியதோ 1897இல்தான்.

கேள்வி: செழித்த ஊரை டேனியர் ஏன் விற்றார்கள்?

பிரிட்டனும் பிரான்சும் போரிட்ட காலங்களில் நடுநிலைக் கொடி ஏற்றிய டேனியக் கப்பலுக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் அதிகாரிகளே தங்கள் பணத்தை அதன் வழியாக ஊருக்கு அனுப்பினார்கள். 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது அந்த வியாபாரம் ஒடிந்தது, பிறகு எழவில்லை. 1845இல், வங்காளத்தில் டேனியர் வசமிருந்த செராம்பூரையும் சேர்த்து, ஊர் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் கைமாறிற்று.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய வைத்தியச் சுவடிகள் உள்ளன. என்ன செய்யலாம்?

முதலில் எண்ணெய் பூசிச் சுத்தம் செய்யும் ஆசையை அடக்குங்கள். பழகாத கை பட்டால் ஓலை உடையும். ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, வரிசை மாறாமல் எண்ணிட்டு வையுங்கள். பின் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் போன்ற இடங்களில் சுவடி அறிந்தவர்களிடம் காட்டுங்கள். சுவடியின் முதல் ஏட்டிலோ கடைசி ஏட்டிலோ எழுதியவர் பெயரும் ஊரும் இருக்க வாய்ப்புண்டு. அதை மட்டும் முதலில் படித்து எனக்கு எழுதுங்கள்.